பத்துக்குப் பன்னிரண்டு ஹாலும் பதினாலு எம்.எம். லென்ஸும்

வைடு லென்ஸ் வாங்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள், உட்கார்ந்த மறுநிமிஷம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எம்புட்டு அடங்கும் அண்ணாச்சி?" ஏதோ தீபாவளி சீசனில் லாரிக்கு லோடு ஏற்றப் போகிறவர்கள் மாதிரி. எல்லாம் அடங்கும். அடங்கக் கூடாததும் சேர்ந்து அடங்கும். அந்த லென்ஸோடு இருக்கிற தொல்லையே அதுதான்.

நான் சிவகாசியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ வைத்திருந்தவன். பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் காலண்டருக்கும் படம் எடுத்தேன். கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாம் எடுத்தேன். இப்போது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. குனிய முடியாதவன் படம் எடுக்கக் கூடாது என்று நானே கடையை மூடிவிட்டேன். நீங்களெல்லாம் தொழிலுக்குப் புதிது. உங்கள் போனிலேயே பாயிண்ட் ஃபைவ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தட்டினால் பெட்டிக்கடை பேருந்து நிலையமாகிவிடுகிறது. எனக்கு வந்த வினை உங்களுக்கும் வர ரொம்ப நாள் ஆகாது. அதனால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த லென்ஸ் கிட்டே இருப்பதைப் பெரிதாக்கும், தள்ளி இருப்பதை இன்னும் தள்ளி வைக்கும், ஓரத்தில் இருப்பதைப் பிடித்து இழுத்துவிடும். ஓரத்து விஷயத்தை நான் முதல் மாதமே கற்றுக்கொண்டேன். ஒரு காதுகுத்தில் தாய்மாமனை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டேன். மனிதர் நல்ல ஒல்லி. படத்தில் அவர் தலை பலாப்பழம் மாதிரி பக்கவாட்டில் இழுபட்டுப் போயிருந்தது. "எங்க அக்கா வீட்டு விசேசத்துல வேணும்னே என்னைய இப்படி எடுத்திருக்கீக, யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று ஸ்டுடியோவுக்கு வந்து கேட்டார். அதற்கப்புறம் அவர் தெருவில் எதிரே வந்தால் நான் அடுத்த தெருவில் திரும்பிவிடுவேன். ஓரத்தில் ஆளை நிறுத்தாதே என்கிற பாடம் அதோடு முடிந்தது. ஆனால் அந்த லென்ஸில் ஓரத்தைவிட ஆபத்தானது காலி இடம். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நிச்சயதார்த்தம் தேவைப்பட்டது.

குருசாமி அண்ணாச்சி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். நான் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை நடக்காத நாளாகப் பார்த்து, முதலாளிக்காகக் கட்டடங்களைப் படம் எடுக்கப் போனபோது பழக்கம். பட்டாசு ஆலையில் ஒரு ரூமுக்கு நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் நுழையக் கூடாது. வெடிமருந்து இருக்கிற இடம், வெடித்தால் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்களோ அத்தனை உயிரும் போகும். மற்ற போர்மேன்கள் இந்த விதியை வேலை நேரத்தில் பார்ப்பார்கள். குருசாமி அண்ணாச்சி அதை ரத்தத்திலேயே ஏற்றிக்கொண்டவர். முதலாளியே உள்ளே எட்டிப் பார்த்தாலும், "மொதலாளி, ஒரு ஆள வெளிய கூப்பிட்டுட்டு நீங்க வாங்க" என்பார். டீக்கடை பெஞ்சில் ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்தால் இவர் டம்ளரோடு எழுந்து நின்றுகொள்வார். அவர் வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். நாலு பேருக்கு மேல் சேர்ந்தால் ஒருவரை நைசாகத் திண்பண்டம் வாங்க அனுப்பிவிடுவார்.

வீடு ஆனைக்குட்டத்தில். முன்னால் ஒரு ஹால், பத்தடிக்குப் பன்னிரண்டு அடி. அதற்குப் பின்னால் அடுப்படி, பக்கத்தில் ஒரு சின்ன ரூம். அவ்வளவுதான். ஒரே மகள் கார்த்திகா, சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் டிசைன் செய்கிற பெண். என் படங்களை வெட்டி ஒட்டி ராக்கெட்டுக்குப் பக்கத்தில் வைப்பது அவள் வேலை. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று சம்பந்தம் வந்து மூன்றும் தட்டிப் போயிருந்தது. மூன்று பேரும் சொன்ன காரணம் ஒன்றே. பெண் பிடித்திருக்கிறது, ஜாதகம் பொருந்துகிறது, வீடுதான் சின்னதாக இருக்கிறது. நாலாவதாக விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிற குடும்பத்திலிருந்து வந்தது. பையன் தினேஷ். கார்த்திகாவும் அவனும் போனில் நாலைந்து தடவை பேசியிருந்தார்கள். அவனுடைய அம்மா ராஜேஸ்வரிதான் அந்த வீட்டில் சட்டம். அந்தம்மா கேட்டது இரண்டு: பெண்ணின் படம் ஒன்று, வீட்டின் படம் ஒன்று.

குருசாமி அண்ணாச்சி ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார். "தம்பி, வீட்ட ஒரு போட்டோ எடுக்கணும். சுமாரா இருந்தாப் போதும்" என்றார். அவருக்குப் பின்னால் கார்த்திகா நின்றாள். அப்பா வெளியே போனதும் சொன்னாள்: "மாமா, இவர எனக்குப் பிடிச்சிருக்கு. இதும் போச்சுன்னா நான் இனிமே யாருக்கும் போட்டோ அனுப்ப மாட்டேன்."

நான் அப்போதுதான் பதினாலு எம்.எம். லென்ஸ் வாங்கியிருந்தேன். புது லென்ஸ் கையில் இருக்கிறவனிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுக்கவே கூடாது. போய் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், செய்முறையாகவும் வைத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஹாலின் மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டிக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன். கேமராவை இடுப்பு உயரத்தில், மேலேயும் கீழேயும் சாயாமல் மட்டமாகப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால்தான் சுவர் நேராக நிற்கும். அடுப்படிக் கதவைத் திறந்து வைத்தேன், வெளிச்சம் உள்ளேயிருந்து வரட்டும் என்று. சிவப்புத் தரையைத் துடைக்கச் சொன்னேன். பிறகு ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, குடம், செருப்பு, தையல் மிஷின் என்று அளவு தெரிந்த பொருள் அத்தனையையும் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டேன். அளவு தெரிந்த ஒன்று படத்தில் இருந்தால்தானே பார்க்கிறவர்களுக்கு இடத்தின் அளவு தெரியும்? எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் மட்டும் மாட்டியிருந்தது. அது படத்தில் தபால்தலை அளவுக்குத்தான் தெரிந்தது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன்.

படம் வந்தது பாருங்கள், எனக்கே திக்கென்றது. சிவப்புத் தரை வெம்பக்கோட்டை அணைத் தண்ணீர் மாதிரி விரிந்து கிடக்கிறது. அந்தக் கோடியில் சுவர். பந்தி போட்டால் நூறு பேர் உட்காரலாம்.

குருசாமி அண்ணாச்சி கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இது நம்ம வீடா தம்பி?" என்றார். நம்ம வீடுதான் என்றேன். மறுநாள் போன் செய்தார். "வீட்டுக்குப் போய் டேப்பு வச்சு அளந்தேன். பத்துதான் வருது. டேப்பு பழசு, இழுவிருச்சு போல." விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். என் படத்தை நம்பி டேப்பைச் சந்தேகப்பட்ட மனுஷன். அந்த நிமிஷம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கைவேலையை ஒருத்தர் இம்புட்டு நம்புகிறாரே என்று எனக்கு மனசு குளிர்ந்து போயிருந்தது.

அவர் மனைவி முத்துலட்சுமி அதற்கு மேலே போனார். போனில் இருந்த படத்தைச் சிவகாசியில் சோபாக் கடைக்காரரிடம் காட்டி, இந்த ஹாலுக்கு எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய ஹாலுக்கு மூணு பேர் சோபா போட்டா கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும்க்கா. மூலை திருப்பி வர்ற பெரிசு போடுங்க" என்று தள்ளிவிட்டார். சோபா வந்து வாசலில் இறங்கியது. கதவு வழியாகப் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பெயர்த்து, அந்த வழியாக ஆறு பேர் தூக்கி உள்ளே இறக்கினார்கள். இறக்கிய பிறகு பார்த்தால் ஹாலில் சோபா இருக்கிறது, சோபாவைச் சுற்றி நடக்க ஒரு சந்து இருக்கிறது. ஜன்னல் கம்பியைத் திரும்பப் பொருத்தக் கொத்தனார் வருகிறேன் வருகிறேன் என்று வரவில்லை. "படத்துல எடம் இருந்துச்சே" என்று முத்துலட்சுமி என்னிடம் கேட்டார்.

அப்போதுதான் விருதுநகரிலிருந்து தகவல் வந்தது. ராஜேஸ்வரியம்மா படத்தைப் பார்த்து அசந்து போய்விட்டாராம். "இம்புட்டுப் பெரிய ஹாலை வச்சுக்கிட்டு மண்டபம் எதுக்கு? வீட்டுலயே நிச்சயம் வச்சுக்கிடுவோம். நாங்க ஒரு அறுபது பேர் வாரோம்."

குருசாமி அண்ணாச்சி வெளிறிப் போய் ஸ்டுடியோவுக்கு வந்தார். அப்போதுதான் லென்ஸ் செய்கிற வேலையை அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப டேப்பு நல்ல டேப்புதானா? அத நான் தூக்கிப் போட்டுட்டேனே தம்பி."

"நானே அந்தம்மாகிட்ட சொல்லிருதேன் அண்ணாச்சி. தப்பு என்னோடது" என்றேன்.

போன் போட்டேன். நான் யார் என்று சொன்னதும் அந்தம்மா முந்திக்கொண்டார். "நீங்கதான் அந்தப் படம் எடுத்தவுகளா? என்ன கையி உங்களுக்கு. எங்க வீட்டையும் ஒரு நாள் வந்து அப்படி எடுத்துத் தாங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிம்மா, எடுத்துருவோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நெருக்கடியில் ஒரு மனுஷனுக்கு என்ன யோசனை வரும் என்று பெரிசாகப் பேசுவார்கள். எனக்கு வந்த யோசனை இதுதான். குருசாமி அண்ணாச்சி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைத்ததும் எழுந்து போய்விட்டார்.

நிச்சயத்தன்று வீட்டுக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும், எல்லாரும் வெளியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்று நம்பினோம். காலை பத்து மணிக்கு இரண்டு வேனும் மூன்று காரும் வந்தன. இறங்கிய அறுபது பேரும் பந்தலை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக வீட்டு வாசலுக்கு நடந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது ஹாலை.

ஒருவர் உள்ளே போனார். இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவதாக ராஜேஸ்வரியம்மா, பட்டுப்புடவை, கையில் தாம்பாளம். வலது காலைத் தூக்கி வாசப்படியில் வைக்கப் போகிறார். குருசாமி அண்ணாச்சி இரண்டு கையையும் நிலையில் வைத்து வாசலை மறித்துக்கொண்டு, ஆலையில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "நாலு பேர் உள்ள இருக்காக. ஒரு ஆள் வெளிய வரட்டும்."

எனக்கு உயிரே போய்விட்டது. இதோ போச்சு நாலாவது சம்பந்தமும் என்று நினைத்தேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கையும் வாயும் தானாகச் செய்த வேலை அது. சொல்லிவிட்டுத் தான் என்ன சொன்னோம் என்று தெரிந்து விழித்தார். ஆனால் கையை எடுக்கவில்லை.

ராஜேஸ்வரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் கூட்டத்திடம், "இந்த ஊர்ல ஏதோ மொறை போலிருக்கு, இருங்க" என்று சொல்லித் தாம்பாளத்தோடு வாசலில் நின்றார். உள்ளேயிருந்து ஒருவர் வெளியே வந்ததும் இவர் போனார்.

உள்ளே போனவர் சோபாவைப் பார்த்தார், அதைச் சுற்றியிருந்த இடுக்கைப் பார்த்தார். அடுப்படி நிலையில் நின்ற முத்துலட்சுமியிடம் மரியாதையாகக் கேட்டார். "ஹாலுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

முத்துலட்சுமி பதற்றத்தில் கையை எங்கேயோ காட்டிவிட்டார். ராஜேஸ்வரியம்மா அந்தத் திசையில் போய் அடுப்படியைக் கடந்தார். அங்கே காபித் தட்டோடு நின்ற கார்த்திகாவைக் கடந்தார். பின்வாசல் வழியாக வெளியேறி ஆட்டுக்குட்டி கட்டியிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஹால் இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி முன்வாசலுக்கு வந்தார். அதற்குள் உள்ளே வேறு நாலு பேர் போய்விட்டார்கள். குருசாமி அண்ணாச்சி, பாவம், மறுபடியும் கையை நீட்டி மறித்தார். "நாலு பேர் இருக்காகம்மா."

இதற்குள் மற்றவர்களும் தேட ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் பக்கத்து ரூமைத் திறந்து பீரோவைப் பார்த்துவிட்டு மூடினார். ராஜேஸ்வரியம்மாவின் தம்பி ஏணி வைத்து மொட்டை மாடிக்கே ஏறிவிட்டார். மேலேயிருந்து குரல் கொடுத்தார். "அக்கா, இங்கன தண்ணித் தொட்டிதான் இருக்கு." பத்துக்குப் பன்னிரண்டு ஹாலை அறுபது பேர் தேடுகிறார்கள். உள்ளே போகிற ஒவ்வொருத்தரும் அதற்குள்ளே நின்றுகொண்டுதான் தேடுகிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுப்படியில் கார்த்திகா தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல், தூக்கிக்கொண்டு வரவும் தெரியாமல் நின்றாள். என்னைப் பார்த்தாள்.

இரண்டாவது தடவை உள்ளே போன ராஜேஸ்வரியம்மா போனை எடுத்துப் படத்தைத் திறந்தார். விரலால் பெரிதாக்கினார். எதிர்ச் சுவரில் தபால்தலை மாதிரி இருந்த காலண்டரைப் பார்த்தார். நிமிர்ந்தார். அதே காலண்டர் அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கியது. ஓரத்தில் அதே கிழிசல். படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்பி மூலையைப் பார்த்தார். அந்த மூலையில்தான் நான் அன்றைக்குக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அந்தம்மா சோபாவில் உட்கார்ந்தார். "என் வீட்டுக்காரரக் கூப்பிடுங்க. பொண்ணோட அப்பாவையும் அம்மாவையும் கூப்பிடுங்க. மத்த ஆளுக வெளிய போங்க."

இப்போது உள்ளே நாலு பேர்: அந்தம்மா, அவருடைய கணவர், குருசாமி அண்ணாச்சி, முத்துலட்சுமி. கணவர் அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர், அன்றைக்கு முழுக்கவும் பேசவில்லை. நான் வெளியே கம்பி இல்லாத ஜன்னலில் நின்றேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் சோறு தின்கிறதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. தலையையும் தோளையும் உள்ளே விட்டேன்.

"அம்மா, படம் எடுத்தவன் நான். அந்த லென்ஸ் அப்படித்தான் காட்டும். தெரிஞ்சேதான் எடுத்தேன். அன்னைக்குப் போன்ல சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். தைரியம் வரல. இவுக மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன். பேசப் பேச ஒரு காலைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது. குருசாமி அண்ணாச்சி தலையைத் திருப்பாமலே சொன்னார். "தம்பி, கால உள்ள வைக்காதீக."

காலை எடுத்துக்கொண்டேன்.

ராஜேஸ்வரியம்மா என்னைச் சட்டை செய்யவே இல்லை. "படம் எடுத்தது அவரு. அனுப்புனது நீங்க. பார்த்துட்டுத்தான அனுப்புனீக?" என்று குருசாமி அண்ணாச்சியைக் கேட்டார்.

"பார்த்தேன்மா."

"இப்படி இல்லன்னு தெரியாதா உங்களுக்கு? நீங்க குடியிருக்கிற வீடுதான?"

"தெரியணும்தான். டேப்பு வச்சுகூட அளந்தேன். ஆனா அழகா இருந்துச்சும்மா. கட்டுன நாள்ல இருந்து என் வீடு அழகா இருந்து நான் பார்த்ததில்ல. மூணு பேரு சின்னது சின்னதுன்னு சொல்லிட்டுப் போய்ட்டாக. ஒரு படத்துலயாவது பெருசா இருக்குன்னு நெனச்சேன். அனுப்பிட்டேன். அது தப்புதான்."

முத்துலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஜன்னலுக்கு வெளியே என் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை தினேஷும் அதில் ஒருவன். அவன் கையிலிருந்த கைக்குட்டை நனைந்து போயிருந்தது.

ராஜேஸ்வரியம்மா தாம்பாளத்தைத் தொடவில்லை. அது சோபாவின் கை மேல் அப்படியே இருந்தது. அவர் வேறு ஒன்றைக் கேட்டார். "என்னைய ரெண்டு தடவ வாசல்ல நிறுத்துனீகளே, எதுக்கு?"

"நீங்க அஞ்சாவது ஆளா வந்தீகம்மா."

"நான் மாப்பிள்ளைக்கு அம்மான்னு தெரியும்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா நிறுத்துனீக?"

"யாரா இருந்தா என்னம்மா, அஞ்சு அஞ்சுதான். இருபத்தெட்டு வருசமா ரூம் வாசல்ல நின்னே பழகிட்டேன். எனக்குக் கீழ வேல பார்த்த ஒரு ஆளுக்கும் ஒரு சூட்டுக் காயம் கெடையாது. அதுக்காக வீட்டுலயும் அப்படி நிக்கணுமான்னு இவளே வைவா. கை கேக்க மாட்டேங்குதும்மா. மன்னிச்சுக்கிடுங்க."

அந்தம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி, "பொண்ண வரச் சொல்லுங்க" என்றார். சரியென்று சொல்லவா, முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொல்லவா, குரலை வைத்து எதுவும் தெரியவில்லை.

நான் கேமராவை எடுத்தேன். பையில் இரண்டு லென்ஸ் இருந்தன. ஜன்னலிலிருந்து அவர்கள் முகத்துக்கு நாலடி இருந்தால் அதிகம். சாதாரண லென்ஸில் ஒரு முகம்தான் வரும். வேறு வழியில்லாமல் அந்தப் பதினாலு எம்.எம். லென்ஸையே மாட்டினேன். கண்ணில் வைத்துப் பார்த்தபோது, இத்தனை நாள் அதைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறோம் என்று புரிந்தது. இடத்தைப் பெரிதாகக் காட்ட அது வேண்டியதில்லை. ஆள்களோடு நெருங்கி நின்றுகொள்ளத்தான் அது வேண்டும். சோபாவில் முட்டிக்கொண்டிருந்த எட்டு முழங்காலும் வந்தன. எதிரே வாசலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி எட்டிப் பார்த்த தலைகளும் வந்தன. இந்தத் தடவை ஹால் பத்தடிதான் இருந்தது. அதில் எம்புட்டு இருக்கிறது என்பதுதான் தெரிந்தது. நீங்கள் வைடு லென்ஸைக் கையில் எடுத்தால் பின்னால் நகராதீர்கள், முன்னால் போங்கள். அதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இல்லை.

கார்த்திகா காபித் தட்டோடு அடுப்படி நிலையில் வந்து நின்றாள். ஹாலுக்குள் கால் வைக்கவில்லை. அவள் அந்த வீட்டுப் பெண் அல்லவா? உள்ளே நாலு பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டாள். எல்லாரும் குருசாமி அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார், சம்பந்திகளைப் பார்த்தார், மெதுவாகச் சோபாவின் கையைப் பிடித்து எழுந்தார். மகளுக்கு இடம் விட்டு அவர் வெளியே போகப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"நீங்க எங்கன போறீக? உக்காருங்க சம்பந்தி" என்றார் ராஜேஸ்வரியம்மா. பிறகு பக்கத்திலிருந்த கணவரின் தோளைத் தட்டினார். "ஏங்க, எந்திரிங்க. வெளிய போய் பந்தல்ல இருங்க. நாலு பேர்தான் இருக்கணும், மருமக வாரா."